காட்டில் பிடித்த பல்லியைக் குழந்தைக்கு வாங்கித் தரலாமா?

கேள்வி
பையனுக்கு 7 வயது. பல்லி வளர்க்க ரொம்ப ஆசைப்படுகிறான். காட்டில் பிடித்த கெக்கோ வகைப் பல்லி ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. ஊர்வன வளர்ப்பது எங்களுக்கு இதுதான் முதல் தடவை. வாங்கலாமா?

பதில் 1
தயவுசெய்து வேண்டாம். காட்டுப் பல்லியின் குடலில் புழுக்கள் இருப்பது சகஜம். வெளியே திரிகிறவரை உடம்பு சமாளித்துக்கொள்ளும். பிடிபட்டு, பையில் அடைபட்டு, தண்ணீரில்லாமல் வந்து சேர்ந்தபின் எதிர்ப்புச் சக்தி விழுந்துவிடும், புழுக்கள் பெருகும். தீனி எடுக்காது. வாலில் சேர்ந்த கொழுப்பு கரைந்து, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு நிற்கும். தொட்டியின் கண்ணாடிச் சுவர் என்பதே அதற்குப் புரியாது. முட்டி முட்டி மூக்கு நுனி புண்ணாகும். பையன் ஆசையாக நீட்டும் கை அதற்கு எதிரியின் வாய்தான். வாலைக் கழற்றிவிட்டு ஓடும், இல்லையென்றால் கடிக்கும். டோக்கே கெக்கோ என்கிற பெரிய வகையாக இருந்தால் கடித்த பிடியை லேசில் விடாது.

பதில் 2
வளர்ப்பிடத்தில் பொரித்த லெப்பர்ட் கெக்கோ வாங்குங்கள். தொட்டி 90×45 செ.மீ. இருக்கட்டும். ஒரு பக்கத் தரை 32 டிகிரி, மறுபக்கம் 25. தரையைச் சூடாக்கும் ஹீட் மேட் விரிப்பை, சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் போடவே கூடாது, வயிறு வெந்துவிடும். ஈரப் பாசி வைத்த மறைவிடமும் கட்டாயம். அது இல்லாவிட்டால் உரிந்த தோல் விரல் நுனியில் வளையமாக இறுகி, ரத்தம் ஓடாமல் விரலே உதிர்ந்துவிடும். பூச்சியின் அகலம் பல்லியின் இரு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தாண்டக் கூடாது. கால்சியம் தூளில் புரட்டிப் போடுங்கள். 15, 20 வருடம் வாழும், அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்
வளர்ப்பிடத்தில் பிறந்ததுதான் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில் 3
பொரித்த தேதியையும் தாய் தகப்பன் விவரத்தையும் கேளுங்கள். முட்டையிலிருந்து வளர்த்தவர் உடனே சொல்வார். அக்குளிலும் காதுத் துளையிலும் உண்ணி, பழைய தழும்பு, இல்லாத விரல் எல்லாம் சந்தேகத்துக்குரியவை. உங்கள் கண் முன்னாலேயே தீனி போடச் சொல்லிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் புது மலத்தைக் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துச் சோதியுங்கள்.

இன்னொன்று: எங்கே பிறந்த பல்லியானாலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 5 வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் ஊர்வனவே வேண்டாம். தொட்ட பிறகு பையன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். பையன் தரையில் உட்கார்ந்து உள்ளங்கையை விரித்து வைக்கட்டும். பல்லி தானாக ஏறட்டும், மேலிருந்து பிடிக்க வேண்டாம்.