டெஸ்லா யாரு வூட்டுப் புள்ள?

தண்டையார்பேட்டை, கப்பல் எலக்ட்ரீஷியன்:

வெளிநாட்டுக்காரங்க சண்டைக்கு நடுவுல மாட்டி முழிச்ச கதை ஆளாளுக்குச் சொல்றீங்க. என் பங்குக்கு ஒண்ணு.

எங்க கப்பல்ல சீஃப் இன்ஜினியர் குரோஷியாக்காரர், செகண்ட் இன்ஜினியர் செர்பியாக்காரர். பாஷை கிட்டத்தட்ட ஒண்ணு. எஞ்சின் ரூம்ல அவர் கையை நீட்டினா கேக்காமலே இவர் ஸ்பேனரை வைப்பார், அவ்ளோ ஒட்டு. குரோஷியாவோட ரியேகா துறைமுகத்துல இறங்கிட்டு வந்த சீஃப், ராத்திரி சாப்பாட்டு மேசையில ஒரு 50 சென்ட் காசை வச்சார். 2023-ல குரோஷியா யூரோவுக்கு மாறினப்ப வந்த காசு, அதுல ஏசி கரண்ட், மோட்டார்னு ஆராய்ச்சி பண்ணின விஞ்ஞானி டெஸ்லாவோட முகம். செகண்ட் ஒரு வார்த்தை பேசல. பர்ஸைத் திறந்து அவங்க செர்பியா 100 தினார் நோட்டை உருவி, அந்தக் காசு மேல போர்த்தினார். நோட்டுலயும் டெஸ்லா. அதே மீசை.

அவ்ளோதான், சூடு புடிச்சிடுச்சு. "பொறந்த ஊரு ஸ்மில்யான், எங்க மண்ணு"ன்னு சீஃப். "அப்பா செர்பிய ஆர்த்தடாக்ஸ் பாதிரியார், அஸ்தி இருக்கிறது பெல்கிரேடு மியூசியத்துல, ஏர்போர்ட்டுக்கே அவர் பேருதான்"னு செகண்ட். 1856-ல டெஸ்லா பொறந்தப்ப அந்த ஊரு ஆஸ்திரியப் பேரரசுல இருந்துச்சு. 1891-லயே அமெரிக்கக் குடியுரிமை வாங்கிட்டார், 1943-ல நியூயார்க் ஓட்டல் ரூம்ல தனியா செத்தார். இதெல்லாம் எனக்குத் தெரியும். வாயைத் தொறக்கணுமே! சோத்துல மண்ணு விழும்னு கம்முனு இருந்தேன்.

அப்ப பிலிப்பைன்ஸ் பையன் ஒருத்தன் தட்டோட வந்து உக்காந்து, "டெஸ்லாவா? அந்த எலக்ட்ரிக் கார் கம்பெனி முதலாளிதானே?"ன்னான். சீஃபும் செகண்டும் ஒண்ணா திரும்பி அவனை வாங்கினாங்க பாருங்க, அன்னைக்கு ராத்திரி ரெண்டு நாடும் ஒண்ணாயிடுச்சு.

வியாசர்பாடி அக்கா:

சிரிக்காதீங்கப்பா, நானும் இதே குட்டையில விழுந்தவதான். துபாய்ல வேலை பாத்தப்ப ரேடியோ மார்க்கோனி பத்திப் பேச்சு வந்துச்சு. "1895-லயே கல்கத்தாவுல கம்பி இல்லாம அலையை அனுப்பி மணி அடிக்க வச்சவர் எங்க ஜகதீச சந்திர போஸ்"னு பெருமையா எடுத்து வுட்டேன். பக்கத்து சீட்டு பங்களாதேஷ் பொண்ணு மெதுவா, "எங்க போஸ். பொறந்தது மைமன்சிங்"ன்னா. 1858, மைமன்சிங். இன்னைக்கு அது அவங்க நாடுதான். எனக்குப் பேச்சே வரல. டெஸ்லா விஷயத்துல பொறந்த மண்ணுதான் கணக்குன்னு நான் குரோஷியா பக்கம் நிப்பேன். போஸ்னு வந்தா மட்டும் "அவர் வாழ்ந்தது, ஆராய்ச்சிக்கூடம் கட்டினது எல்லாம் கல்கத்தாவுல"ன்னு அளவுகோலை மாத்திப்பேன். அவங்கவங்களுக்குத் தோதான கோலை எடுத்துத்தான் அளக்குறோம், என்னையும் சேர்த்து.

பழைய வண்ணாரப்பேட்டை, மோட்டார் காயில் கட்டுற கடை:

என் கடை சுவத்துலயும் டெஸ்லா படம் மாட்டிக்கீறேன். போன வாரம் காசிமேட்டுல இருந்து ஐஸ் உடைக்கிற மிஷின் மோட்டார் வந்துச்சு. மூணு பேஸ் கரண்ட்டுல ஒரு பேஸ், அதாவது ஒரு லைன், வராம ஓட்டிக்கீறானுங்க. தொறந்தா ரெண்டு பேஸ் காயில் கரிக்கட்டை, மூணாவது பளபளன்னு புதுசு மாதிரி கீது. மூணு காயிலோட ஒரு முனையையும் ஒண்ணா சேர்த்துக் கட்டுற ஸ்டார் கனெக்‌ஷன்ல அப்படித்தான் எரியும். அதைப் பிரிக்கும்போதுதான் யோசிச்சேன். 1888-ல டெஸ்லா மோட்டாருக்குப் பேட்டன்ட் வாங்கினார், சரி. அதே வருஷம் இத்தாலியில பெர்ராரிஸ்ங்கிற விஞ்ஞானியும், மோட்டாரைச் சுத்த வைக்கிற சுழல் காந்தப்புலம் பத்தி எழுதி வெளியிட்டார். நாம தினம் கட்டுற த்ரீ பேஸ் மோட்டாரை, கூண்டு ரோட்டரோட, அதான் உள்ள சுத்துற கூண்டு மாதிரி பாகத்தோட, உருப்படியா ஓட வச்சது டொலிவோ-டோப்ரோவோல்ஸ்கி. ரஷ்யாவுல பொறந்து பெர்லின் கம்பெனியில வேலை பாத்தவர். அவருக்காகக் காசு மேல நோட்டை வச்சு மல்லுக்கட்டினவனை நான் கேள்விப்பட்டதே இல்ல. பேரு வாயில நுழையலன்னு வுட்டுட்டானுங்க போல.

சரி தம்பி, அந்தக் காசு இன்னா ஆச்சு?

தண்டையார்பேட்டை, கப்பல் எலக்ட்ரீஷியன்:

நோட்டை செகண்ட் அப்பவே பர்ஸ்ல வச்சுக்கிட்டார்ணே. நான் கப்பலை வுட்டு இறங்குற அன்னைக்கு சீஃப் அந்தக் காசை என் கையில அழுத்தினார். அம்மாகிட்ட குடுத்தேன். திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "யாருடா இந்த மீசைக்காரரு, நம்ம ஊரு ஆளு மாதிரியே கீறாரு"ன்னு சொல்லி முருகன் உண்டியல்ல போட்டுட்டாங்க.