படைப்பும் சேர்ந்த பிஎச்.டி: சினாப்சிஸில் எப்படி எழுதினீர்கள்?

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் டிசைன் பிரிவில் பகுதிநேர பிஎச்.டி, மூன்றாம் ஆண்டு. தலைப்பு, தஞ்சாவூர் மாவட்டம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் துணியில் கையால் வரையும் கலம்காரியின் கறுப்புச் சாயம். வெல்லத்தோடு துருப்பிடித்த இரும்பை ஊறப்போட்டு எடுக்கும் நீர், கடுக்காய் ஏறிய துணியில் பட்டால்தான் கறுக்கும். எவ்வளவு ஊற வேண்டும், எந்தப் பதத்தில் கோடு பரவாமல் நிற்கும் என்பதெல்லாம் நானே வரைந்து பார்த்துத்தான் பிடிபட்டது. அதனால் அந்தத் துணிகளையும் ஆய்வேட்டின் பகுதியாகச் சமர்ப்பிக்க நினைக்கிறேன்.

ஆய்வுக்குழு மறுக்கிறது. "இது செய்முறை, ஆய்வு இல்லை. துணியைப் பின்னிணைப்பில் போடுங்கள்" என்கிறார்கள்.

ஒவ்வொரு சோதனைக்கும் தேதி, தண்ணீர், வெயில் எல்லாம் குறித்த பதிவேட்டைப் படங்களோடு கொடுத்தாயிற்று. கலையைப் பற்றிய ஆய்வு, கலை வழியான ஆய்வு, கலைக்கான ஆய்வு என்று பிரிட்டிஷ் கலைக்கல்வியாளர் கிறிஸ்டோபர் ஃப்ரேலிங் 1993-ல் பிரித்ததைக் காட்டினேன். பிரிட்டனில் படைப்பையும் சேர்த்தே மதிப்பிடும் வழக்கத்தைச் சொன்னேன். "அது அங்கே" என்று முடித்துவிட்டார்கள். (ஒரு கேள்வித்தாள் சர்வே சேர்த்தால் உடனே ஒப்புக்கொள்வார்கள் போலிருக்கிறது!) சினாப்சிஸ் (ஆய்வேட்டுக்கு முன் தரும் சுருக்கம்) அடுத்த மாதம் கொடுக்க வேண்டும்.

இந்தியப் பல்கலைக்கழகம் எதிலாவது படைப்பை ஆய்வேட்டின் பகுதியாகவே ஏற்க வைத்தவர்கள், ஆய்வுமுறைப் பகுதியில் அதை எந்த வாசகத்தில் எழுதினீர்கள்?