புதுப்பிப்பு: எங்கள் சுருள்முடிப் பூனை டெவன் ரெக்ஸ்தான்

காப்பகத்திலிருந்து எடுத்த சுருள்முடிப் பூனை கார்னிஷ் ரெக்ஸா, டெவன் ரெக்ஸா, செல்கர்க் ரெக்ஸா, இந்த மூன்று சுருள்முடி இனங்களில் எது என்று இங்கே கேட்டிருந்தேன். உதவிய எல்லோருக்கும் நன்றி. மரபணுச் சோதனை முடிவு வந்துவிட்டது: டெவன் சுருளுக்கான மரபணு, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும்.

"முடியை விடுங்கள், தலையைப் பாருங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. கார்னிஷுக்கு முட்டை வடிவத் தலை, எடுப்பான மூக்குத்தண்டு, உச்சியில் நிமிர்ந்த காதுகள், ஒட்டிய வயிறு. எங்கள் பெண்ணுக்கோ பெரிய காதுகள் தாழ்வாக, பக்கவாட்டில் விரிந்திருக்கின்றன. கன்ன எலும்பு துருத்தி, மூக்கு குட்டையாக, நெற்றி முடியுமிடத்தில் தெளிவான பள்ளம். மீசையும் முறுக்கி ஒடிந்திருக்கிறது. செல்கர்க் என்றால் உருண்டை முகம், கனத்த உடம்பு. அதை உடனே தள்ளிவிடலாம்.

கார்னிஷ் 1950இல், டெவன் 1960இல், இரண்டுமே இங்கிலாந்தின் தென்மேற்கில் தோன்றியவை. ஆனால் மரபணு வேறு. இரண்டையும் இணைத்தபோது நேர்முடிக் குட்டிகள்தான் பிறந்தன.

எதிர்பாராத ஒன்று: டெவன்களில் பி வகை ரத்தம் அதிகம் என்று மருத்துவர் சோதிக்கச் சொன்னார். இவளுக்கும் அதுதான். ஏ வகையை ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. டெவன் வைத்திருப்பவர்கள் அறுவை சிகிச்சைக்கு முன்பே ரத்த வகையைப் பார்த்துவிடுங்கள்.