சென்டிங் யூனிட்: அனுப்பியா, உணரியா, தடையியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களின் டேஷ்போர்டு மீட்டர் பழுதுகள் பற்றி நாம் எழுதும் கையேட்டுக்குத் தமிழ்ச்சொல் திரட்டும் வேலை 'சென்டிங் யூனிட்' என்ற இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. டேங்க்கில் பெட்ரோல் எவ்வளவு, எஞ்சினில் சூடு எவ்வளவு என்று டேஷ்போர்டு முள் காட்டுவதற்காக அங்கே பொருத்தியிருக்கும் பாகம் அது. இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: அனுப்பி, உணரி, மிதவை. மூன்றும் எனக்கு ஒட்டவில்லை. ஏனென்று சொல்வதற்கு ஒரு சொந்தக் கதையை இழுக்க வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எண்பதுகளில் வாங்கிய கார் ஒன்று இன்னும் ஓடுகிறது. டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்தாலும் பெட்ரோல் முள் கால் பங்கைத் தாண்டாது. ஒயரிங் கடையில் காட்டினேன். "ஃப்ளோட் போயிடுச்சு சார்" என்று சொல்லி, டேங்க்கில் இருந்த யூனிட்டைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டினார்கள். முள் அதே கால் பங்கில். சரி, கழற்றியதையாவது கொடுங்கள் என்று வாங்கி வந்தேன். மல்டிமீட்டரை மின்தடை அளக்கும் ஓமில் வைத்து, அதன் இரு முனைகளையும் யூனிட்டில் மாட்டிவிட்டு மிதவைக் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தேன். கீழே கிடக்கும்போது 230 ஓம் சொச்சம். தூக்கத் தூக்க, எங்கும் துள்ளாமல் இறங்கி 35-க்கு வந்தது. மிதவையைக் காதோரம் வைத்துக் குலுக்கினேன். உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தம் இல்லை. போய்விட்டதாகச் சொன்ன ஃப்ளோட் எங்கும் போகவில்லை.

அப்புறம் புது யூனிட்டின் தகட்டிலிருந்து காரின் பாடிக்குத் தனியாக ஒரு ஒயர் இழுத்துவிட்டுச் சாவியைத் திருப்பினேன். முள் அவசரப்படாமல் ஏறியது. அரை நிமிடம் போல ஆகியிருக்கும், முழு டேங்க்கில் போய் நின்றது. டேங்க்கைப் பாடியோடு பிடித்திருந்த போல்ட்டைச் சுற்றித் துரு. அதுதான் விஷயம். உப்புத்தாள் போட்டு இரும்பு மின்னும்வரை தேய்த்ததோடு வேலை முடிந்தது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். மின்னோட்டம் பேட்டரியில் கிளம்பி, முள் இருக்கிற மீட்டருக்குள் புகுந்து, ஒயர் வழியாக டேங்க் யூனிட்டுக்கு வந்து, அதைக் கடந்து பாடியில் சேர்கிறது. இந்தப் பாதையில் யூனிட் யாருக்கும் எதையும் அனுப்பவில்லை. வருகிற மின்னோட்டத்தை எவ்வளவு விடலாம் என்று இறுக்கியும் தளர்த்தியும் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். மீட்டருக்குத் தெரிவதெல்லாம் தனக்கு அப்பால் மொத்தம் எத்தனை ஓம் இருக்கிறது என்பது மட்டும். அதில் யூனிட்டின் பங்கு எவ்வளவு, துருவின் பங்கு எவ்வளவு என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. என் காரில் முக்கால் டேங்க் பெட்ரோலைக் குடித்தது துரு.

ஆகவே 'அனுப்பி' வேண்டாம். ஆங்கிலத்தில் பெயர் வைத்தவர்கள் தவறாக வைத்தார்கள் என்பதற்காக நாமும் அந்தத் தவறைச் சுமக்க வேண்டியதில்லை.

'உணரி' நல்ல சொல், ஊன்றிவிட்ட சொல்லும்கூட. சிக்கல் வேறு இடத்தில் வருகிறது. எரிபொருளை எலக்ட்ரானிக் முறையில் பீய்ச்சும் எஞ்சின்களில், வெப்பத்தைப் பார்க்க இரண்டு உருப்படிகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுண்டு. ஒன்று எஞ்சின் கணினிக்கு, மற்றது டேஷ்போர்டு முள்ளுக்கு. முள் செத்துப்போனால் மாற்ற வேண்டியது இரண்டாவதை. இரண்டுக்கும் உணரி என்றே பெயர் வைத்தால் கையேட்டைப் படிப்பவர் முதலாவதை வாங்கி வந்து மாட்டிவிட்டு நம்மைத் திட்டுவார். 'மிதவை' பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஒரு பாகத்தின் பெயரை முழுதுக்கும் வைத்ததால்தான் என் பணம் போனது.

என் பரிந்துரை: மிதவைத்தடையி. வெப்ப முள்ளுக்கு உரியது சூட்டுத்தடையி.

'தடையி' நான் உருவாக்கியதல்ல. இலங்கைப் பாடநூல்களில், மின்சுற்றில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் 'ரெசிஸ்டர்' என்ற பாகத்துக்குத் தடையி என்றே பெயர். நம் ஊர்ப் பாடநூல்கள் மின்தடையாக்கி என்கின்றன. அது சரியான சொல்தான், ஆனால் முன்னால் 'மிதவை'யைச் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், மூச்சு வாங்கும். வெறும் 'தடை' என்றே முடித்தால் என்ன என்று போன வாரம் ஒருவர் கேட்டிருந்தார். 'எண்ணெய்த்தடை' என்று எழுதினால் வளைகுடாவில் ஏதோ பிரச்சினை என்று நினைப்பார்கள். 'வெப்பத்தடை' சுவருக்குப் பூசுகிற சமாச்சாரம். அந்த 'யி' ஒட்டினால்தான் அது ஒரு பொருள் என்று தெரிகிறது. 'சூடு' எதற்கு, 'வெப்பம்' இருக்கிறதே என்பவர்களுக்கு: வண்டி ஹீட் ஆகிவிட்டது என்பார்கள், சூடாகிவிட்டது என்பார்கள். வெப்பமாகிவிட்டது என்று சொல்லி யாரும் பானட்டைத் திறந்து நான் பார்த்ததில்லை.

இந்தப் பெயரால் கிடைக்கும் பெரிய லாபம், இதைக் கேட்டவுடன் அடுத்த கேள்வி தானாக வருவது: எத்தனை ஓம்? அதுதான் கேட்க வேண்டிய கேள்வியும். அமெரிக்க மீட்டர்களில் பரவலான ஒரு வகைக்குக் காலி டேங்க் என்றால் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பாவில் பரவலான இன்னொரு வகைக்குக் காலி 10, நிறைவு 180. ஒன்றுக்கு இறங்குமுகம், மற்றதற்கு ஏறுமுகம். ஒன்றின் தடையியை மற்றதன் மீட்டரோடு சேர்த்தால் பெட்ரோல் தீரத் தீர முள் ஏறும். பழைய கார்களில் கிடைத்த பாகத்தை மாட்டி ஓட்டுகிற வழக்கம் இருப்பதால் இது வெறும் வேடிக்கைக் கதை அல்ல.

கையேட்டு வரைவில் ஒரு திருத்தமும் இதையொட்டிச் செய்ய வேண்டும். "யூனிட் ஒயரைக் கழற்றிப் பாடியில் தொட்டால் முள் முழுமைக்குப் போக வேண்டும்" என்று எழுதியிருக்கிறோம். முதல் வகைக்கு அது சரி. இரண்டாம் வகையில் முள் காலிக்குப் போகும், மீட்டர் நன்றாக இருந்தாலும். இன்னொன்று, தொடுவது என்றே எழுதக்கூடாது. டேங்க் வாயருகே, பெட்ரோல் ஆவிக்கு நடுவில், சாவி போட்ட நிலையில் ஒயரைத் தொட்டால் பொறி பறக்கும். சாவியை அணைத்துவிட்டு, கழற்றிய ஒயரைக் கிளிப் போட்டுப் பாடியில் மாட்டிவிட்டு, முன்னால் வந்து உட்கார்ந்து சாவியைத் திருப்ப வேண்டும். முள் கடைசிக் கோட்டை நெருங்கும்போதே அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மீட்டருக்குள் இருக்கிற சுருள் கருகலாம்.

மீட்டருக்கு என்ன சொல் என்பதும் பாக்கி இருக்கிறது. மானியா, காட்டியா? இரண்டையும் வைத்துக்கொண்டு வேலையைப் பிரித்துக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. அளப்பதையும் காட்டுவதையும் ஒரே பெட்டிக்குள் செய்வது மானி. பழைய வேகமானியில் கேபிள் ஒரு காந்தத்தைச் சுழற்றும், காந்தம் அலுமினியக் கிண்ணத்தை இழுக்கும், கிண்ணத்தோடு முள் திரும்பும். எல்லாம் உள்ளேயே நடக்கிறது. எஞ்சினிலிருந்து மெல்லிய குழாயில் ஆயிலே டேஷ்போர்டு வரை வந்து முள்ளைத் தள்ளும் வகையும் அப்படியே, அது அழுத்தமானி. வேறெங்கோ இருக்கும் தடையியை நம்பி முள் ஆடினால் அது காட்டி: பெட்ரோல்காட்டி, சூடுகாட்டி. பழுது பார்ப்பவருக்கு இது உடனே உதவும். காட்டி என்றால் இன்னொரு முனை இருக்கிறது, அங்கேயும் போய்ப் பார்க்க வேண்டும். வேகமானி முள் தடதடவென ஆடினால் ஒயரைத் தேட வேண்டாம், கேபிள் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

சிவப்பு விளக்கை மட்டும் எரிய வைக்கும் ஆயில் பாகம் இந்தக் குடும்பத்தில் சேராது. அதில் ஓமும் இல்லை ஒன்றும் இல்லை, எரியும் அல்லது அணையும். அது அழுத்த ஆளி.

பெட்ரோல்காட்டியும் சூடுகாட்டியும் ஒரே நேரத்தில் கெட்டால் இரண்டு தடையிகளையும் கழற்றப் போகாதீர்கள் என்றும் ஒரு வரி சேர்க்க வேண்டும். 1960களின் பிரிட்டிஷ் கார்களில் ஸ்மித்ஸ் மீட்டர்களுக்குப் பின்னால் ஒரு சின்ன டப்பா இருக்கும். உள்ளே ஈருலோகப் பட்டை ஒன்று சூடாகி வளைந்து தொடர்பை அறுக்கும், ஆறி மீண்டும் தொடும். இப்படி விட்டு விட்டுக் கொடுத்தே சராசரி 10 வோல்ட் ஆக்கிவிடும். அதன் பாடித் தொடர்பு போய்விட்டால் பட்டை சூடாகாது, தொடர்பு அறுபடாது, பேட்டரியின் முழு வோல்ட்டும் பாயும். இரண்டு முள்ளும் சேர்ந்து மேலே போய் நிற்கும். வண்டி கொதிக்கிறது என்று பயந்து ஓரங்கட்டினால் ரேடியேட்டர் சாதாரணமாக இருக்கும். மல்டிமீட்டரில் பார்க்கும்போது எண் தாவித் தாவி வந்தால் டப்பா வேலை செய்கிறது என்று அர்த்தம். இதற்குப் புதுச்சொல் தேவையில்லை, 'நிலைப்படுத்தி' போதும். ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர் தெரிந்தவர்களுக்கு அது புரியும்.

எதிர்ப்பு இருந்தால் சொல்லுங்கள். குறிப்பாக இலங்கை நண்பர்கள், தடையியை இப்படிக் கூட்டுச்சொல்லில் நுழைப்பது காதுக்கு உறுத்துகிறதா? எங்கள் தெரு எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பார்த்தேன். "அதுக்குப் பேரு டேங்க் யூனிட்டு சார்" என்று திருத்திவிட்டு, 'சூட்டுத்தடையி'க்குச் சிரித்தார்.

நான் மேலே 'பாடித் தொடர்பு' என்று சமாளித்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். 'எர்த்' என்பதற்குப் புவித்தொடர்பு என்று வரைவில் இருக்கிறது. நாலு ரப்பர் சக்கரத்தில் நிற்கிற காருக்குப் புவியோடு என்ன தொடர்பு? அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.