வெள்ளைக் கோட்டோடு தெருவில் உட்கார்ந்தவர்கள்: நாங்கள் சந்தித்த விஞ்ஞானிகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் அருகே டோங்காட்டிலிருந்து:

வணக்கம். பருவநிலை மாற்றத்துக்காக அறவழியில் போராடும் விஞ்ஞானிகளைப் பற்றிச் செய்திகளில் படிக்கிறோம். அப்படிப்பட்டவர்களை நேரில் சந்தித்தவர்களும் நம்மில் இருப்பீர்கள். உங்கள் அனுபவத்தை எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

2022 ஏப்ரலில் வந்த ஒரு வாரத்தை என்னால் மறக்க முடியாது. ஏப்ரல் 4 அன்று, பருவநிலை மாற்றத்தை மதிப்பிடும் ஐ.நா.வின் ஐபிசிசி குழு தன் அறிக்கையின் மூன்றாம் பகுதியை வெளியிட்டது. பூமியின் சூட்டை 1.5 டிகிரி உயர்வோடு நிறுத்த வேண்டுமானால், 2025க்கு முன்பே உலகின் கரிம வெளியேற்றம் இறங்கத் தொடங்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தார்கள். ஏப்ரல் 6 அன்று பல நாடுகளில் விஞ்ஞானிகள் ஆய்வகக் கோட்டோடு தெருவுக்கு வந்தார்கள். லாஸ் ஏஞ்சலஸில் நாசா ஆய்வகத்தில் வேலை பார்த்த பீட்டர் கால்மஸ், ஜேபி மார்கன் சேஸ் வங்கியின் வாசலில் தன்னைப் பிணைத்துக்கொண்டு நின்றார். நிலக்கரிக்கும் எண்ணெய்க்கும் கோடிகோடியாகக் கடன் கொடுக்கும் வங்கி என்பதால்தான் அந்த வாசலைத் தேர்ந்தெடுத்தார். பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறோம், யாரும் காதில் வாங்கவில்லை என்று பேசும்போது அவருக்குத் தொண்டை அடைத்துவிட்டது. ஏப்ரல் 11 அன்று நம் ஊரில் மழை பிடித்துக்கொண்டது.

சில இடங்களில் ஒரே நாளில் 300 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. 430 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். டோங்காட்டில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையத்தையே வெள்ளம் சிதைத்துவிட்டதால், மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. ஜோஜோ என்ற பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வாங்க வசதி உள்ளவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் வாளியும் கேனுமாக டேங்கருக்குக் காத்துக் கிடந்தோம்.

அந்த வரிசையில்தான் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். தமிழ்நாட்டில் பிறந்து, இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஆறுகளையும் மழையையும் ஆராய்கிறவர். வயதானவர்களின் கேன்களைத் தூக்கிக் கொடுக்க வந்திருந்தார். பேச்சுவாக்கில், முந்தின வாரம் ஒரு வங்கி வாசலில் சக ஆராய்ச்சியாளர்களோடு நடைபாதையில் உட்கார்ந்ததைச் சொன்னார். என் மாமியாருக்கு அது புரியவே இல்லை.

"ஏம்மா, இவ்வளவு படிச்ச பொண்ணு, ரோட்டுல போய் உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டார்.

"எழுதவேண்டியதெல்லாம் எழுதிக் குடுத்தாச்சு பெரியம்மா. அறிக்கை போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போயிருச்சு. தண்ணிதான் உங்க வீட்டுக்கு வந்திருக்கு" என்றார் அவர்.

அப்புறம் என் மாமியார் அவரை விடவில்லை. வீட்டுக்குக் கூட்டி வந்து டீ போட்டுக் கொடுத்து, இந்த மழைக்கும் புகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைச் சுமக்கும். சுமந்ததை ஒருநாள் கொட்டும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். மே மாதம், பெருமழை போன்றவற்றில் பருவநிலை மாற்றத்தின் பங்கை ஆராயும் வேர்ல்ட் வெதர் ஆட்ரிபியூஷன் குழுவின் ஆய்வு வந்ததும் அதையும் எடுத்துக்கொண்டு வந்தார். முன்பு 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை எதிர்பார்க்க வேண்டிய மழை, இப்போது 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடியதாகிவிட்டது. பெய்யும் அளவும் 4 முதல் 8 சதவீதம் கூடியிருக்கிறது. எல்லாப் பழியையும் பருவநிலை மேல் போடாதீர்கள் என்றும் அவரே சொன்னார். ஆற்றங்கரையிலும் சரிவிலும் வேறு போக்கில்லாமல் வீடு கட்டிய ஏழைகள், அடைத்துக் கிடந்த வடிகால்கள், இவையும் சேர்ந்துதான் உயிர்களைப் பறித்தன. கூட்டிச் சொல்லாத அந்த நேர்மையால்தான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

தெற்கு டர்பனின் மெர்பேங்க்கிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியர்:

அக்காவின் பதிவைப் படித்ததும் எனக்கு எங்கள் பக்கத்துக் கதை ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவே வாழ்ந்தவர்கள் நாங்கள். ராத்திரியில் நாற்றம் வந்தால் ஜன்னலைச் சாத்துவோம், பிள்ளைகள் விடிய விடிய இருமுவார்கள். புகார் சொன்னால், "ஆதாரம் எங்கே?" என்பார்கள்.

2002 வாக்கில் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் செட்லர்ஸ் தொடக்கப்பள்ளியில் ஆய்வு செய்தார்கள். குழந்தைகளை ஒரு சின்னக் கருவியில் ஊதச் சொல்லி மூச்சின் பலத்தை அளந்தார்கள். பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ஆஸ்துமா என்று தெரிய வந்தது. எங்கள் அம்மாமார் பல வருடமாகச் சொன்னதைத்தான் அந்த எண்ணும் சொன்னது. ஆனால் எண் வந்த பிறகுதான் அதிகாரிகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

அப்படி அளக்க வந்தவர்களில் ஒருவர் வேலை முடிந்ததும் போய்விடவில்லை. சமூகக் கூட்டத்துக்கு வந்தார், ஆலை வாயிலில் எங்களோடு பதாகை பிடித்தார். 2011இல் டர்பனில் பருவநிலை மாநாடு நடந்தபோது, டிசம்பர் 3 பேரணியிலும் அவரைப் பார்த்தேன். வெயிலில் வியர்த்து வழிய, தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது என்று பக்கத்தில் நடந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டே வந்தார்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அதே 2022 ஏப்ரலில் மாட்ரிட்டில் விஞ்ஞானிகள் நாடாளுமன்றச் சுவரில் சிவப்புச் சாயநீரை ஊற்றினார்கள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அதைக் கழுவப்போவது மந்திரி இல்லை, ஒரு துப்புரவுத் தொழிலாளி. உட்காருங்கள், கைதாகுங்கள், சிறைக்குப் போங்கள். அந்த வழிக்கு இந்த ஊரில் மரியாதை உண்டு. பதினாறு வயது தில்லையாடி வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் உயிரை விட்ட நாடு இது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து, ஆராய்ச்சி மாணவன்:

ஐயா சொன்ன சாயநீர் விஷயத்தில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு.

நான் முதலில் நின்றது 2021 டிசம்பரில், கடற்கரையில். ஷெல் எண்ணெய் நிறுவனம் நம் நாட்டின் கிழக்குக் கரையான வைல்ட் கோஸ்ட்டின் கடலுக்கடியில் ஒலி அதிர்வு மூலம் எண்ணெய் வளம் தேட வந்தபோது, பல ஊர்க் கடற்கரைகளில் மக்கள் கூடினார்கள். என் பக்கத்தில் நின்றவர் கடல் உயிரியல் ஆராய்ச்சியாளர். திமிங்கிலங்கள் சத்தத்தை நம்பித்தான் வழி கண்டுபிடிக்கின்றன, குட்டியோடு பேசுகின்றன, அந்தக் காதில் போய் வெடி வைக்கலாமா என்று கேட்டார். நான் படித்த எந்தக் கட்டுரையும் என்னை அப்படி உலுக்கியதில்லை.

நீதிமன்றத்தில் கடலோர மக்களின் சாட்சியத்தோடு நிபுணர்களின் பிரமாணப் பத்திரங்களும் சேர்ந்தன. டிசம்பர் 28 அன்று மகாண்டா உயர் நீதிமன்றம் ஆய்வை இடைக்காலமாக நிறுத்தியது. 2022 செப்டம்பர் 1 அன்று அந்த உரிமமே செல்லாது என்று தீர்ப்பு வந்தது. வழக்கு அதற்கு மேலும் போனது, அது வேறு கதை. பிரமாணப் பத்திரத்தில் பெயரெழுதிக் கையெழுத்துப் போடுவதும் போராட்டம்தான் என்பார் எங்கள் பேராசிரியர்.

பயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2022 டிசம்பரில் சிகாகோவில் நடந்த புவி அறிவியல் மாநாட்டு மேடையில், ரோஸ் அப்ரமாஃப் என்ற மண் ஆராய்ச்சியாளர் கால்மஸோடு ஏறி, ஆய்வகத்தை விட்டுத் தெருவுக்கு வாருங்கள் என்று பதாகை விரித்தார். அடுத்த மாதமே ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டது. எங்களில் பலர் வெளிநாட்டு மாணவர்கள். கைதானால் விசா போய்விடும். அதனால் உட்காருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது, வக்கீல் எண்ணைக் கையில் எழுதிவிடுவது, நடப்பதைப் படம் எடுப்பது என்று ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொள்கிறோம். இப்படித் தெருவுக்கு வரும் விஞ்ஞானிகளின் சயின்டிஸ்ட் ரெபெலியன் இயக்கத்தை 2020இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியதும் இரண்டு இயற்பியல் ஆராய்ச்சி மாணவர்கள்தான். பேராசிரியர்கள் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

டோங்காட்டிலிருந்து, மீண்டும்:

தம்பி, தண்ணீர் கொடுப்பதையும் படம் எடுப்பதையும் குறைவாக நினைக்காதே. ஐயா, நான் சந்தித்த பெண்ணும் சாயம் ஊற்றுகிற கட்சி இல்லை. நகரச் சொன்னால் நகர மாட்டார்கள், தூக்கினால் திமிற மாட்டார்கள், அவ்வளவுதான்.

வள்ளியம்மையைச் சொன்னீர்கள். என் மாமியார் டாக்டர் கூனம் அம்மாவைச் சொல்கிறார். எடின்பரோவில் மருத்துவம் படித்துவிட்டு டர்பனில் நம் ஜனங்களுக்கு வைத்தியம் பார்த்தவர். 1946இல் இந்தியர்களின் நில உரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தபோது, உம்பிலோ ரோடும் கேல் ஸ்ட்ரீட்டும் சேரும் முனையில் கூடாரம் போட்டுத் தொடங்கிய சத்தியாகிரகத்தில் சேர்ந்து சிறை போனார். அதை முன்னின்று நடத்திய மான்டி நாயக்கரும் எடின்பரோவில் படித்த டாக்டர்தான். அங்கே உட்கார்ந்தவர்களை வெள்ளைக்கார இளைஞர்கள் வந்து அடித்தார்கள். இவர்கள் திருப்பி அடிக்கவில்லை. படித்தவர்கள் ரோட்டில் உட்காரலாமா என்று கேட்ட என் மாமியாரே இப்போது இந்தக் கதையை வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறார்.

இன்னொரு விஷயம். தண்ணீர் வரிசையில் நான் சந்தித்த அந்த ஆராய்ச்சியாளர் டோங்காட் ஆற்றின் பழைய மழைக் கணக்கைத் தேடிக்கொண்டிருக்கிறார். கரும்புத் தோட்டங்களில் மழையை அளந்து நோட்டில் எழுதிவைக்கும் வழக்கம் இருந்தது. 1987 செப்டம்பர் வெள்ளக் காலத்து நோட்டு உங்கள் தாத்தாவின் பெட்டியில் எங்காவது கிடந்தால் எனக்குச் சொல்லுங்கள். மழையில் நனைந்து மங்கிப் போயிருந்தாலும் பரவாயில்லை, படித்துக்கொள்வாராம்.