ஈழத்தலரியில் நிறமும் மணமும் சேர்ந்த வகை எது?

கேள்வி (திருச்சி):
வணக்கம். நாள் முழுவதும் வெயில் விழும் எங்கள் வீட்டு முகப்பில் மூன்று ஈழத்தலரிச் (பிளுமேரியா) செடிகள் வைக்க விரும்புகிறேன். சென்ற ஆண்டு நல்ல மணமுள்ளது என்று சொல்லித்தான் ஒரு வெள்ளைப் பூச்செடியைக் கொடுத்தார்கள். கொத்துக் கொத்தாகப் பூக்கிறது, ஆனால் மூக்கருகே கொண்டுபோனாலும் வாசனை இல்லை. இலையின் நுனி பாம்புப் படம்போல அகன்றிருக்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா?

பதில் 1 (கோயம்புத்தூர்):
அம்மா, இலையைப் பற்றி நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது புடிகா இனம். வேலியோரத்துக்கு அழகானது என்றாலும் அதில் மணத்தை எதிர்பார்க்க முடியாது. மணம் வேண்டுமென்றால், நுனி கூர்மையான இலை கொண்ட ரூப்ரா இனத்தையோ, நுனி வட்டமாகவும் இலை பளபளப்பாகவும் இருக்கும் ஒப்டூசா இனத்தையோ தேடுங்கள். ரூப்ராவில் என் முதல் தேர்வு செலடைன். நடுவில் அடர் மஞ்சளும் விளிம்பில் வெண்மையுமாகப் பூத்து, எலுமிச்சை கலந்த மணம் வீசும் இதைத்தான் ஹவாயில் மாலை கட்ட நெடுங்காலமாகப் பயன்படுத்துகிறார்கள். சிவப்பு வகைகளைப் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒன்றுக்கொன்று மணம் வெகுவாக மாறும். இரவில் வரும் அந்துப்பூச்சிகளை ஈர்ப்பதற்கான மணம் என்பதால், அந்தி சாயும் நேரத்தில் போய், பூத்திருக்கும் செடியையே முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

பதில் 2 (மதுரை):
மேலே சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். விதையிலிருந்து முளைத்த கன்றில் தாய்ச்செடியின் நிறமும் மணமும் அப்படியே வருவதில்லை. ஆகவே ஒட்டுச்செடியோ, தெரிந்த மரத்திலிருந்து வெட்டிய கிளையோதான் நம்பிக்கையானது. என் அடர்சிவப்பு ஒட்டுச்செடியில், ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பிய தளிரை நான் கவனிக்காமல் விட்டதால், இரண்டாம் ஆண்டில் அதில் வெளிறிய இளஞ்சிவப்புப் பூக்களே நிறைந்தன. அத்தளிர்களை உடனே கிள்ளிவிட வேண்டும். கிளையை நடுவதானால், ஓரடி நீளத்துக்கு வெட்டி, பால் வடிந்து வெட்டுவாய் காயும்வரை பத்து நாளாவது நிழலில் வைத்திருங்கள். ஈரத்தோடு நட்டால் அழுகிவிடும். அந்தப் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பக்கத்துத் தெருக் கோயிலில் மஞ்சள் நடுவுள்ள பழைய மரம் ஒன்று மாலையில் தெருவெல்லாம் மணக்கிறது. அதில் ஒரு கிளை கேட்கலாம் என்றிருக்கிறேன். மார்கழியில் அது இலையெல்லாம் உதிர்த்து நிற்கிறதே, நோயா?

பதில் 1 (கோயம்புத்தூர்):
நோயன்று, ரூப்ராவின் இயல்பு. அந்த நாள்களில் தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். இலையின் அடிப்புறத்தில் ஆரஞ்சு நிறப் பொடி படிந்திருந்தால் மட்டும் அது துரு நோய். அவ்விலைகளைப் பறித்து அப்புறப்படுத்துங்கள்.