கிறீன்கிராஸ் போன பிறகு பாக்கிறதை விட்டிட்டன்

குழு: அம்மம்மா வீட்டுப் பிள்ளையள்

பெரியப்பா (லீட்ஸ்): [படம்]

பெரியப்பா: யோர்க்ஷயர் கோத்லண்டில நிக்கிறம். செம்மறி நடு றோட்டில படுத்திருக்கு, கோன் அடிச்சும் அசையுதில்லை

சித்தி (ஹரோ): அத்தான்!! அது ரிவியில வந்த எய்டன்ஸ்ஃபீல்ட் ஊர் எல்லோ. ஹார்ட்பீற் பொலிஸ் நாடகம் எடுத்த இடம்

பெரியப்பா: ஓம் ஓம். பின்னால தெரியிற ஹோட்டல்தான் நாடகத்தில வந்த எய்டன்ஸ்ஃபீல்ட் ஆம்ஸ். நீல வெள்ளை அங்லியா பொலிஸ் காரும் ஒண்டு நிக்குது, சனம் சுத்தி நிண்டு படம் எடுக்குது

தங்கச்சி: ஹாரி பொட்டர் படத்தில ரெயில் வந்து நிக்கிற ஸ்டேஷனும் அங்கதானே பெரியப்பா?

பெரியப்பா: அது 2001 பிள்ளை. நாடகத்துப் பொலிஸ்காரன் நிக் றோவன் 1992இலயே அந்த ஊருக்கு வந்திட்டான் 😄

தங்கச்சி: அம்மா இப்பவும் ஐரிவி3 இல போடப் போட இருந்து பாக்கிறா. ஒரு கோழி களவு போகும், ஒரு கிழவருக்கு நெஞ்சு நோகும், கடைசியில எல்லாரும் பப்பில நிண்டு சிரிப்பினம். அவ்வளவுதான் கதை

சித்தி: நாள் முழுக்க வேலை செய்திட்டு வந்து கொலையும் குத்துவெட்டுமோ பாக்கச் சொல்லுறாய்? ஆர் வந்தாலும் கோழியைக் கண்டுபிடிப்பாங்கள் எண்டு தெரியும். அது போதும்

அண்ணா: கோழியைக் களவெடுத்தது கிறீன்கிராஸ் எண்டும் தெரியும் சித்தி

பெரியப்பா: அந்த மனுசனைப் பற்றி ஒண்டும் சொல்லாத. பழைய ஆமிக் கோட்டு, அல்பிரட் நாய், ஒவ்வொரு கிழமையும் ஒரு புதுக் களவு வியாபாரம். பிளேக்ரன் சார்ஜன்ற் அவரைப் பிடிக்கோணும் எண்டே உயிரை வைச்சிருப்பார். ரெண்டு பேருக்கும் மற்றவர் இல்லாட்டி பொழுது போகாது

மாமா (கனடா): பிளேக்ரனா நடிச்சவர், மந்திரியும் செயலாளர்மாரும் வாற அந்தப் பழைய பகிடி நாடகத்தில பேர்னாட்டா வந்த ஆள் எல்லோ அத்தான்?

பெரியப்பா: அவரேதான். டெரெக் ஃபோல்ட்ஸ். 2020இல மோசம் போட்டார். கிறீன்கிராஸா நடிச்ச பில் மேனார்ட் 2018. பொலிஸ்காரன் வென்ற்றசா நடிச்சவர் 2019

சித்தி: ஐயோ வென்ற்றசும் இல்லையோ 😢 எப்ப பாத்தாலும் சிகரெட்டும் சான்ட்விச்சும்

அண்ணா: எனக்கு விளங்காத ஒண்டு. நீங்கள் எல்லாரும் அதை ஏன் அப்பிடி விழுந்து விழுந்து பாத்தனீங்கள்? பள்ளிக்கூடத்தில வெள்ளைப் பெடியள் தங்கட அம்மம்மா பாக்கிற நாடகம் எண்டு சிரிப்பாங்கள். எங்கட வீட்டில அப்பா பாத்தார்

பெரியப்பா: சொல்லுறன் இரு. நான் இஞ்ச வந்தது 89. அங்க காக்கிச் சட்டையைக் கண்டா மதில் பாய்ஞ்சு ஓடின ஆக்கள் நாங்கள். அடையாள அட்டையை எங்க வைச்சனான் எண்டு நித்திரையிலும் தடவிப் பாப்பம். இஞ்ச பாத்தால் ரிவியில ஒருத்தன் துவக்கு இல்லாமல் மோட்டார் சைக்கிளில வாறான், கதவைத் தட்டுறான், தேத்தண்ணி குடிக்கிறான், "மாடு எப்பிடி" எண்டு கேட்டிட்டுப் போறான். அவன்ர பொஞ்சாதி அந்த ஊர் டொக்டர். எனக்கு இங்கிலிசு பாதி விளங்காது, யோர்க்ஷயர்ப் பேச்சு கொஞ்சமும் விளங்காது. ஆனா அந்தக் கதவு தட்டுறதைப் பாக்க ஒவ்வொரு கிழமையும் இருந்தன்

மாமா: 🙏

சித்தி: அக்காவும் அப்பிடித்தான் சொல்லுவா

அண்ணா: கதை வெறும் கற்பனையும் இல்லை அப்பா. அந்தப் புத்தகங்களை எழுதின நிக்கலஸ் றியா எண்டது புனைபெயர். ஆள் பீற்றர் வோக்கர், தானே யோர்க்ஷயரில பொலிசா இருந்தவர்

தங்கச்சி: பிறகேன் நிப்பாட்டினவை?

சித்தி: றோவன்ர பொஞ்சாதி கேற் செத்ததோட என்னைப் பொறுத்தவரை முடிஞ்சுது. பிள்ளையும் பிறந்து, லுகேமியாவும் வந்து… அண்டைக்கு நான் சமைக்கேல்லை

மாமா: றோவன் போனதோட. ஆனா அவர் நல்ல இடத்துக்குத்தான் போனவர், கனடாக் குதிரைப் பொலிசுக்கு. எங்கட ஸ்காபரோப் பக்கம் வந்திருந்தா ஒரு தேத்தண்ணி குடுத்திருப்பன்

அண்ணா: மாமா, உங்கட ஸ்காபரோவே யோர்க்ஷயர் ஸ்காபரோவின்ர பேரில வைச்சதுதான். கிளை நாடகம் "த றோயல்" அங்கதான் எடுத்தவங்கள்

பெரியப்பா: ரெண்டு பேரும் பிழை. பில் மேனார்ட்டுக்கு 2000இல பாரிசவாதம் வந்து விலகின பிறகுதான் உப்புச் சப்பு இல்லாமல் போனது. பிறகு வந்த கோமாளிகளைக் கதைக்காக ஒட்டினவங்கள். கிறீன்கிராசுக்குக் களவு ஒரு தொழில், மற்றவைக்கு அது நடிப்பு. நான் அதோட விட்டிட்டன்

சித்தி: பொலிஸ்காரன் மேசனா ஜோ மக்ஃபாடன் வந்த காலமும் நல்லாத்தான் இருந்தது அத்தான். 2017இல டான்ஸ் போட்டியிலும் வெண்டவர்

பெரியப்பா: டான்சுக்கும் பொலிசுக்கும் என்ன சம்பந்தம் 🙄

அண்ணா: நீங்கள் எல்லாரும் ஆள் போனதையே சொல்லுறீங்கள். எனக்கு இடிச்சது வேற. நாடகம் 1964 அளவில தொடங்குது. 2010 வரை, 18 சீசன், 372 பகுதி ஓடுது. முடியிறபோதும் அறுபதுகள்தான்! ஊர்ப் பொலிசா றோவன் போய், பிறட்லி போய், வோக்கர் போய், மேசன் வந்திட்டான். பிளேக்ரன் ரிட்டயர் ஆகி, தபால் கந்தோர் நடத்தி, பிறகு பப்பும் வாங்கிட்டார். எல்லாம் அஞ்சு வருசத்துக்குள்ள. உண்மையில 1968இலயே அந்தப் பக்கத்து நோர்த் றைடிங் பொலிசை மற்றப் படைகளோட சேர்த்திட்டாங்கள். காரும் றேடியோவும் வந்து, ஊரிலயே குடியிருக்கிற பொலிஸ்காரன் மறையத் தொடங்கின நேரம் அது. அதைத் தாண்டிப் போனா நாடகத்துக்கு ஊரே இல்லை. அதுதான் நாட்காட்டியை ஆணி அடிச்சு வைச்சவங்கள்

மாமா: அடேயப்பா

அண்ணா: கடைசியில கொண்டது காசு. பழைய கார், பழைய உடுப்பு, மழையும் புகாருமான மேட்டுநிலத்தில படப்பிடிப்பு. 2009இல விளம்பரக் காசு விழுந்ததும் ஐரிவி இதையும் றோயலையும் சேர்த்து நிப்பாட்டினது. ஹார்ட்பீற்றில எடுத்து வைச்ச மிச்சத்தைத்தான் 2010 வரை போட்டது

தங்கச்சி: ஒண்டு சொல்லட்டே, கோவிக்கக் கூடாது. அதே 1969இல லீட்ஸில டேவிட் ஒலுவாலே எண்ட நைஜீரியர், வீடில்லாத ஆள், ஆத்தில பிணமா மிதந்தவர். அவரை அடிச்சதுக்காக ரெண்டு பொலிஸ் அதிகாரிகள் 1971இல ஜெயிலுக்குப் போனவை. இந்த நாடகத்தில அந்த யோர்க்ஷயர் எங்க? பிறட்போர்ட் மில்லில வேலை செய்த எங்கட நிற ஆக்கள் எங்க?

சித்தி: இவளுக்கு எல்லாத்துக்கும் ஒரு பாடம்

பெரியப்பா: சொல்லட்டும் விடு. லீட்ஸ் பாலத்தில 2022இல அவருக்கு நினைவுப் பலகை வைச்சவை பிள்ளை. வைச்ச கையோட களவெடுத்திட்டாங்கள். அந்தப் பாலத்தால போய்வாற ஆள் நான், எனக்குத் தெரியாதோ?

பெரியப்பா: நாடகத்தில வந்த பொலிஸ் மாதிரி ஒருத்தன் அங்கயும் இல்லை, இஞ்சயும் இல்லை. இருந்திருந்தா நான் ஏன் ரிவிக்கு முன்னால இருக்கிறன்

தங்கச்சி: ❤️ சரி பெரியப்பா

அண்ணா: ஓகஸ்ட்டில எல்லாரும் வாங்கோவன். பிக்கரிங்கில இருந்து நீராவி ரெயிலில கோத்லண்டுக்குப் போகலாம். ரிக்கற் முன்கூட்டிப் போடோணும்

மாமா: நான் 12ஆம் தேதி வந்திறங்குறன். எனக்கும் மாமிக்கும் சேர்த்துப் போடு

சித்தி: எங்களுக்கு மூண்டு. சாப்பாடு கட்டிக்கொண்டு வாறன், அங்க பப்பில விலை கூட

பெரியப்பா: புட்டு வேண்டாம், ரெயிலுக்குள்ள கொட்டும். சான்ட்விச் கட்டு